சூப்பரா, ரெகுலரா என்று கேட்கும் ஊரில்

1

நம் ஊர் பெட்ரோல் பங்கில் "எத்தனை கேலன்?" என்று மட்டும்தான் கேட்பார்கள். இங்கே "எது?" என்றும் கேட்கிறார்கள்.

மலாயாவுக்கு வந்து இந்த மாதத்தோடு நான்கு வருஷம் முடிகிறது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது கையசைத்த நண்பர்கள் கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறார்கள்: அங்கே என்னடா பார்த்தாய், என்னடா கற்றுக்கொண்டாய்? மழை, தேயிலை, சீனச் சாப்பாடு எல்லாம் எழுதியாயிற்று. இந்தத் தடவை "எது?" என்கிற அந்த ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். போன மாதம் அந்தக் கேள்வியால் ஒரு மனிதரின் வேலை போகப் பார்த்தது. போகும்படி செய்தவன் நான். ஆகவே இதைப் பெருமைக்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டுத் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதுகிறேன். இங்கே அந்த வேலைக்குக் கிராணி என்று பெயர். டவுனில் ஒரு பங்க் இருக்கிறது. இரண்டு பம்புகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பில் சூப்பர், விலை அதிகம். நீலத்தில் ரெகுலர். வந்த புதிதில் தோட்டத்து வண்டிக்குப் பெட்ரோல் போட டிரைவருடன் போயிருந்தேன். பங்கில் இருந்த சீனக் கிழவர் மலாயில் என்னைப் பார்த்து "எது?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று காட்டிக்கொள்வது என் சுபாவத்திலேயே கிடையாது. கொஞ்சமும் யோசிக்காமல், "ரெண்டுலயும் பாதிப் பாதி" என்று சைகை காட்டினேன்.

கிழவர் சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் கழன்றுவிட்டது. பக்கத்தில் நின்ற டிரைவர் மாரிமுத்து, "ஐயா, இது காப்பிக் கடை இல்லீங்க" என்றார்.

அந்த மாரிமுத்துவின் வேலையைத்தான் சொல்கிறேன்.

2

எனக்குக் காரும் பெட்ரோலும் தலைக்கு ஏறியது ஸ்ரீரங்கத்தில். என் அண்ணன் கோவிந்தராஜு அங்கே டாக்சி ஓட்டுகிறார். மொட்டை கோபுரத்தடியில் நிற்கும் நாலைந்து வண்டிகளில் ஒன்று அவருடையது. யுத்தத்துக்கு முன்னால் சீமையில் செய்த கார். கதவைச் சாத்தினால் எதிர்க்கதவு திறக்கும். சவாரி பெரும்பாலும் ஜங்ஷனுக்குத்தான். சேவிக்க வந்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவர்கள், ஒரு வண்டிக்கு ஏழு பேர், மடியில் குழந்தை, குழந்தை மடியில் பிரசாதம்.

காவிரிப் பாலம் முடிந்து சிந்தாமணிப் பக்கம் சாலை இறங்கும். அந்த இடம் வந்ததும் அண்ணன் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, கியரை நழுவவிட்டு, சாவியைத் திருப்பிவிடுவார். இன்ஜின் அணைந்துவிடும். அதுவரை தடதடவென்று அதிர்ந்துகொண்டிருந்த வண்டிக்குள் திடீரென்று அப்படியொரு அமைதி வரும். டயர் சத்தமும் ஆற்றுக் காற்றும் மட்டும் கேட்கும். பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவார்கள்.

வெளியூர் அம்மாள் யாராவது இருந்தால் பதறிப்போவாள். "ஏம்ப்பா, வண்டி நின்னுபோச்சா? ரயிலு போயிடுமே!"

"நிக்கலைம்மா. இதுவரைக்கும் பெட்ரோல் ஓட்டுச்சு, இப்ப ரங்கநாதர் ஓட்டுறார்."

"அவரா? அவரு படுத்துக்கிட்டில்ல இருக்காரு!" என்று பின் சீட்டில் ஒருத்தர் சொல்ல, ஏழு பேரும் சிரிப்பார்கள்.

அடுத்தது கோட்டை ஸ்டேஷன் மேம்பாலம். அங்கே ஒரு தடவை. டவுன் முழுக்க எங்கெல்லாம் சாலை கொஞ்சம் சரிகிறதோ அங்கெல்லாம் ஒரு தடவை. குதிரைவண்டியையும் சைக்கிள் ரிக்‌ஷாவையும் சத்தமே இல்லாமல் தாண்டிப்போய், சரிவு தீருகிற இடத்தில் டக்கென்று கியரைப் போட்டு உயிர்ப்பிப்பார். இதை யாரும் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டதில்லை. வண்டி ஓட்டுவது என்றாலே அதுதான். ஹாரன் அடிக்கிற மாதிரி, பிரேக் பிடிக்கிற மாதிரி.

ஸ்டாண்டில் காத்திருக்கும் நேரமெல்லாம் ஒரே பேச்சு: கேலனுக்கு எத்தனை மைல்?

"இருபத்தெட்டு கொடுக்குது."

"என்னுது முப்பது."

"முப்பத்திரெண்டு" என்பார் அண்ணன், பீடியைக் கையில் மாற்றிக்கொண்டு.

"உன் வண்டியா? அது பெட்ரோல்ல ஓடுதா, பொய்யில ஓடுதா?"

அண்ணன் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கக் கிளம்பியவன் நான். அப்போது இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். பாலக்கரையில் பட்டறை வைத்திருந்த சாகுல் பாயிடம் ஒரு பாட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற பாட்டில், அளவுக்கோடு போட்டது. அதில் சரியாக ஒரு பைண்ட், அதாவது கேலனில் எட்டில் ஒரு பங்கு, பெட்ரோல் ஊற்றி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, ரப்பர் குழாயை நேராகக் கார்புரேட்டருக்குக் கொடுத்துவிடுவார். டாங்குக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தம் கிடையாது. பைண்ட் தீர்ந்து வண்டி நிற்கிற வரை எத்தனை மைல் ஓடியதோ அதை எட்டால் பெருக்கினால் கேலன் கணக்கு வந்துவிடும்.

துவாக்குடிக்குப் போகிற சாலையில், மைல்கல்லை எண்ணிக்கொண்டே போனோம். அண்ணன் ஓட்ட, பாய் பாட்டிலைப் பார்க்க, நான் பென்சிலோடு. வழியில் சின்னச் சரிவு வந்தால்கூட அண்ணன் கை சாவிக்குப் போகும். பாய் ஒன்றும் சொல்ல மாட்டார். "தானா உருள்றப்ப எதுக்குத் தம்பி எண்ணெய்?" என்பார். முப்பத்திரண்டுக்கு ஒரு துளி மேலேயே வந்தது. ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து காகிதத்தை எல்லார் மூக்குக்கும் நேரே நீட்டினேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் பிறகு டிகிரி வாங்கியபோதுகூட இல்லை.

நான் யாரிடமும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. பார்த்துப் பார்த்தே வந்துவிட்டது. நல்லதோடு சேர்ந்து மற்றதும்.

3

இங்கே லைசென்ஸ் வாங்கப் போன கதை தனி. விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் "ஸ்ரீரங்கம் தீவு" என்று எழுதிவிட்டேன். உண்மைதானே? அதிகாரி சுவரில் இருந்த தேசப்படத்துக்குப் போய் வங்காள விரிகுடா முழுக்கத் தேடினார்.

"எந்தக் கடலில் இருக்கிறது?"

"கடலில் இல்லை ஐயா. ஆற்றில்."

அவர் நம்பவில்லை. காவிரி எங்கே பிரிந்து கொள்ளிடமாகிறது, நடுவில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று விண்ணப்பத்தின் ஓரத்திலேயே படம் போட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "அரசாங்கப் படிவத்தில் படம் வரைந்ததால் இது செல்லாது. புதுப் படிவத்துக்கு அடுத்த வாரம் வரவும்" என்றார். அடுத்த வாரம் "இந்தியா" என்று மட்டும் எழுதினேன். உடனே கிடைத்தது.

கேட்டதற்கு மேல் சொல்லுவது என் வியாதி. அது குணமாகியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

தோட்டத்துக்கு மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர். எல்லோரும் துரை என்போம். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் காரணம் கிடைத்தாக வேண்டும் அவருக்கு. காரணம் கிடைக்காமல் தூங்க மாட்டார். தோட்டத்துக் கார் கேலனுக்குப் பத்தொன்பது மைல்தான் கொடுக்கிறது என்று அவருக்கு ஓயாத குறை. முன்பு அவர் சமவெளித் தோட்டத்தில் இருந்தபோது அங்கே இதே மாதிரிக் கார் இருபத்தெட்டு கொடுத்ததாம். மாரிமுத்து சூப்பர்தான் போட்டுக்கொண்டிருந்தார். துரை சொல்லியிருந்தது அப்படி. விலை கூடினது என்றால் பலமும் கூடத்தான் இருக்கும் என்பது துரையின் நம்பிக்கை. மாரிமுத்துவுக்கும் அதே நம்பிக்கை. "நல்ல தீனி போட்டாத்தானுங்க மாடு இழுக்கும்."

நான் விடுவேனா? ஒருநாள் ஆபீஸில் துரை இதே பேச்சை எடுத்ததும் ஆரம்பித்துவிட்டேன். சூப்பர் என்பது பலமான பெட்ரோல் இல்லை சார், பொறுமையான பெட்ரோல். இன்ஜினுக்குள் நசுக்கும்போது பொறி வருவதற்கு முன்னாலேயே வெடித்துவிடாமல் காத்திருக்கும், அவ்வளவுதான். புது வண்டிகள் அதிகம் நசுக்குகின்றன, அவற்றுக்கு வேண்டும். நம்முடையது பழைய வண்டி, மெதுவாக நசுக்குகிறது. போதாததற்கு இது மலை, காற்றே மெலிது. ரெகுலர் போட்டால் இன்ஜின் தட்டுகிற சத்தம் வந்தால் சொல்லுங்கள். வராது. ஒரு கேலனுக்கு இவ்வளவு வீண்.

துரை புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

அன்றிலிருந்து ரெகுலர். மாரிமுத்து மட்டும், "நீங்க சொல்றீங்க, சரி. வண்டிக்குத் தெரியணுமே" என்றார். சொன்னபடி இன்ஜின் தட்டவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

4

பிறகு மழைக்காலம் வந்தது. இங்கே மழை என்றால் சாலையையே எடுத்துக்கொண்டு போகும். மண் சரிந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பாதிவழி இரண்டாம் கியர். வண்டியின் பாட்டரியும் செத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை அணைத்தால் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் எழுப்ப வேண்டும். ஆகவே டிஸ்பென்சரி வாசலிலும் தபாலாபீஸ் வாசலிலும் மாரிமுத்து இன்ஜினை ஓடவிட்டே காத்திருந்தார். மூன்று மாதத்தில், மைலும் பெட்ரோலும் எழுதும் வண்டிப் புத்தகத்தில் பத்தொன்பது பதினெட்டாகி, சில வாரம் பதினேழாகவும் ஆனது.

இதெல்லாம் இப்போது சாவதானமாக எழுதுகிறேன். அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் கொடுத்துக்கொள்ளவில்லை.

துரை புத்தகத்தை என் மேஜையில் போட்டார். "உன் ரெகுலர் பெட்ரோலின் லட்சணத்தைப் பார்."

என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். என் பௌதிகத்தை அல்லவா சொல்லிவிட்டார்! "பெட்ரோலில் குற்றம் இல்லை சார். நிரூபித்துக் காட்டுகிறேன். ஒரு நாள் வண்டியைக் கொடுங்கள்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாரிமுத்துவுக்கு லீவு. டிஸ்பென்சரியில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் வாங்கிக்கொண்டேன். நாலு வருஷமாக எந்த வேலையிலும் வராத சுறுசுறுப்பு அன்று வந்தது. ஒரு பைண்ட் ரெகுலர் ஊற்றி, பாட்டிலைக் கட்டி, குழாயைச் சொருகி, தனியாகக் கிளம்பினேன். ஆபீஸிலிருந்து கீழே ஆற்றுப்பாலம் இரண்டு மைல், ஒரே இறக்கம். அங்கே திரும்பி அதே வழியில் மேலே ஏறினேன். ஆபீஸ் வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாட்டில் காலியாகி வண்டி நின்றது. நான்கு மைலும் சொச்சமும். எட்டால் பெருக்கினேன். முப்பத்துமூன்று!

துரை பங்களாவுக்கு ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன்.

துரை காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். "அப்படியானால் பெட்ரோலில் குற்றம் இல்லை."

"இல்லை சார்!"

"வண்டியிலும் இல்லை."

"இல்லவே இல்லை!"

"முப்பத்துமூன்று கொடுக்கிற வண்டி, புத்தகத்தில் பதினெட்டு. மிச்சப் பெட்ரோல் எங்கே போகிறது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. தெரு விளையாட்டில் ஜெயித்த பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். துரை மணியடித்து ஆளைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை காலை மாரிமுத்துவுக்கு நோட்டீஸ் போனது. பெட்ரோல் திருட்டு. ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

5

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போய்விடும், வீடு தோட்டத்துடையது. வீடு போனால் தோட்டத்து லாரியில் டவுன் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு லாரியும் இல்லை. மாரிமுத்துவின் மகள் செல்விக்கு வயது பன்னிரண்டு. அந்த லாரியில் போகிற ஒரே பெண் பிள்ளை. இரண்டு மாதத்தில் பெரிய பரீட்சை. அதில் தேறினால் மேல் படிப்பு, தேறாவிட்டால் கொழுந்துக் கூடை.

மாரிமுத்துவின் அப்பா முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர். மாரிமுத்து இங்கேயே பிறந்தவர், காவிரியைப் பார்த்ததில்லை. ஆனால் என்னிடம் அடிக்கடி கேட்பார், அகலம் எவ்வளவு, ஆடிப்பெருக்குக்கு எவ்வளவு வரும் என்று. செல்விக்கு அந்த அக்கறையும் இல்லை. அப்பா தமிழில் கேட்டால் அவள் மலாயில் பதில் சொல்லுவாள், கோபம் வந்தால் இங்கிலீஷில். "எங்கப்பாவுக்கு முசிறி, எனக்கு மலாயா, இவளுக்கு எதுன்னே தெரியலைங்க" என்று ஒருநாள் சிரித்தார். அப்படிப்பட்ட குடும்பத்தை மலையை விட்டு இறக்கினால் எங்கே போகும்?

அந்த இரண்டு நாளும் எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். எட்டால் பெருக்கினால் முப்பத்துமூன்றுதான் வந்தது. அப்படியானால் திருடத்தான் திருடினாரா? திருடியிருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதை மறைப்பதற்கில்லை. நினைத்தால் என் நெஞ்சு கொஞ்சம் லேசானது. அந்த லேசுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மாரிமுத்து என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"உள்ள வாங்க அண்ணே."

"வேணாங்க. திருடனை வீட்டுக்குள்ள விடாதீங்க."

"நான் அப்படிச் சொல்லலை."

"நீங்க சொல்லலை. எழுதிக் குடுத்தீங்க. படிச்சவங்கல்ல?" அவர் குரல் ஏறவில்லை. "பதினோரு வருசமா இந்த வண்டிய ஓட்டுறேன். மலைக்கு மேல ஒரு நாளும் அது இருபத்தஞ்சு குடுத்ததில்ல. உங்களுக்கு மட்டும் முப்பத்திமூணு எப்படிக் குடுத்துச்சு? எனக்கு அது தெரியணும். வேலை போனாப் போவுது. எப்படி ஓட்டுனீங்களோ அப்படியே இப்ப ஓட்டிக் காட்டுங்க."

சாவி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. என்னிடம் கொடுத்தார்.

6

அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். ஆபீஸ் வளைவைத் தாண்டினால் இறக்கம் ஆரம்பிக்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, அடியில் ஆறு. நான் கொஞ்சம் வேகம் கொடுத்தேன். கியரை நழுவவிட்டேன். சாவியைத் திருப்பினேன்.

சத்தம் நின்றது. டயர் சத்தமும் காற்றும் மட்டும்.

"என்ன பண்றீங்க?"

"ஓட்டுறேன்."

"இன்ஜின்! இன்ஜினை எதுக்கு அணைச்சீங்க? ஐயோ!" மாரிமுத்து எக்கிக் கைபிரேக்கை இழுத்தார். வண்டி ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே போய், சாலையோர மண்மேட்டில் இடித்து நின்றது. இன்னும் இரண்டு வளைவு கீழேதான் இங்கே எல்லோரும் சொல்லும் இடம். முன்னால் இருந்த டிரைவர் லாரியோடு பள்ளத்தில் போன இடம். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார், பிரேக் சூடேறிப் பிடிக்கவில்லை. அதிலிருந்து தோட்டத்தில் கட்டளை: இறக்கத்தில் இரண்டாம் கியரில்தான் வர வேண்டும். கராஜ் சுவரில் மூன்று பாஷையில் எழுதியிருக்கிறது. நான் நாலு வருஷமாகத் தினம் பார்க்கிற சுவர். பெயிண்ட் செலவுக் கணக்கைக்கூட நானே எழுதினேன்.

"ஞாயித்துக்கிழமை இப்படியா வந்தீங்க?"

"ஆமா."

"கீழ வரைக்கும்?"

"ஆமா. எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊர் இறக்கத்தின் முடிவில் சிந்தாமணியும் குதிரைவண்டிகளும் இருக்கும். இங்கே முந்நூறு அடிப் பள்ளம். எனக்கு இரண்டும் ஒரே சரிவாகத் தோன்றியிருக்கிறது. கை தானாகப் போயிருக்கிறது. இரண்டு மைல் துளிப் பெட்ரோல் இல்லாமல் உருண்டு, அந்த இரண்டு மைலையும் சேர்த்து எட்டால் பெருக்கி, ஒரு மனிதரைத் திருடனாக்கியிருக்கிறேன். காகிதத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மாரிமுத்து கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உங்கூர்ல எல்லாருமே இப்படித்தான் ஓட்டுவாங்களா?" என்றார்.

"எல்லாரும்."

"அப்புறம் ஏன் அங்க ஜனத்தொகை குறையல?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் எரிந்தது.

"இதத் தொரைகிட்டச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். இப்போது குரல் வேறாக இருந்தது. இரண்டு பேருக்கும் தெரியும், இறக்கத்தில் இன்ஜினை அணைத்தவனுக்கும் தோட்டத்தில் வேலை கிடையாது என்று. வேலை இல்லாத இந்தியனுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதியும் கிடையாது.

"சொல்றேன்" என்றேன். உடனே சொல்லிவிட்டேன். யோசித்தால் வேறு மாதிரி சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

7

துரை முழுவதும் கேட்டார். இன்ஜினை அணைத்தேன் என்ற இடத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றுவிட்டார். முதுகைக் காட்டியபடியே, "எதை நான் நம்ப வேண்டும்?" என்று கேட்டார். "ஞாயிற்றுக்கிழமைக் காகிதத்தையா, இன்றைய பேச்சையா?"

"எதையும் நம்ப வேண்டாம் சார். நீங்களே வந்து பாருங்கள். மாரிமுத்து ஓட்டட்டும். தினம் போகிற வழி, தினம் நிற்கிற இடம்."

வியாழக்கிழமை காலை மழை. மாரிமுத்து ஸ்டியரிங்கில், துரை பின்னால், நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால். ஃபாக்டரிக்கு ஏற்றம், டிஸ்பென்சரியில் பத்து நிமிஷம் இன்ஜின் ஓட நின்றது, தபாலாபீஸில் இன்னும் கொஞ்ச நேரம், மண் சரிந்த இடத்தைச் சுற்றி இரண்டாம் கியரிலேயே இறங்கி வந்தது. வழியில் ஒரு தடவை பாட்டிலை நிரப்பினேன். இரண்டு பைண்டும் தீர்ந்தபோது நாலரை மைல் ஆகியிருந்தது. துரை தம் பேனாவால் தாமே கணக்குப் போட்டார். எனக்கு எட்டிப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை.

"பதினெட்டு" என்றார். "புத்தகத்தில் இருப்பதும் பதினெட்டு."

மாரிமுத்து ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. தோள் மட்டும் இறங்கியது. துரை மன்னிப்புக் கேட்கவில்லை, அது வழக்கமில்லை. நோட்டீஸை வாங்கி நான்காகக் கிழித்துத் தம் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ இனி தோட்டத்து வண்டி எதையும் ஓட்டக் கூடாது. உன்னை அனுப்புவதா வேண்டாமா என்பதை வருஷக் கடைசியில் யோசிப்பேன்."

"சரி சார்."

"டிரைவர் நேர்மையானவர். வண்டியும் பழுதில்லை. ஆக, குற்றம் அந்த ரெகுலர் பெட்ரோலில்தான். சூப்பரில் பத்தொன்பது வந்தது. நாளையிலிருந்து சூப்பர்."

இல்லை சார் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இல்லை சார், இதே பாட்டிலில் சூப்பர் ஊற்றினாலும் பதினெட்டுதான் வரும். மழை, சுற்றுவழி, பாட்டரி, வாசலில் இன்ஜின் ஓட நிற்கிற நேரம், எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. பென்சில்கூடக் கையில் இருந்தது. ஆனால் வாசலில் ஏன் இன்ஜின் ஓட நிற்கிறது என்று அடுத்துக் கேட்பார். பாட்டரி செத்ததை எழுதிக் கொடுக்காதது யார் என்று அதற்கடுத்துக் கேட்பார். அது மறுபடியும் மாரிமுத்து தலையில்தான் விழும். காரணம் கிடைக்காமல் தூங்காத மனிதர். கையில் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அந்தக் காரணத்துக்கு வீடு இல்லை, பெண் பிள்ளை இல்லை, பரீட்சை இல்லை.

"ஆமாம் சார்" என்றேன். "ரெகுலர்தான் காரணம்."

துரை திருப்தியோடு இறங்கிப் போனார்.

மாரிமுத்து பானட்டைத் திறந்து ரப்பர் குழாயை உருவினார். நான் பாட்டிலை அவிழ்த்தேன்.

"ஐயா."

"சொல்லுங்க அண்ணே."

"நெசமாவே நம்ம வண்டிக்கு சூப்பர்தான் நல்லதா?"

"நல்லது."

"முந்தி வேற மாதிரி சொன்னீங்க."

"முந்தி சொன்னது தப்பு."

அவர் பெட்ரோல் பைப்பின் நட்டை முறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினார். "சரிங்க. படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." அதில் எவ்வளவு கேலி, எவ்வளவு நன்றி என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பானட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு டவுனுக்குப் போறேன். செல்விக்குப் பரீட்சைப் பாரம் வாங்கணும், இங்கிலீஷ்ல இருக்கும், எனக்குப் பூர்த்தி பண்ணத் தெரியாது. வர்றீங்களா?"

"வர்றேன்."

"பாரத்துல படம் கிடம் போடாதீங்க" என்றார். "அப்புறம், பின்னால உக்காருங்க. சாவி உங்க கைக்கு எட்டக் கூடாது."

இந்த நாலு வருஷமும் நான் அவர் பக்கத்தில் முன்சீட்டில்தான் உட்கார்ந்து போயிருக்கிறேன். மறுநாள் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். செல்வி எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.